எம்எஸ்ஏ 2040: ஐபி மாற்றியதும் மேனேஜ்மென்ட் பக்கம் திறக்கவில்லை

வணக்கம். எம்எஸ்ஏ 2040 (எச்பியின் ஸ்டோரேஜ் பெட்டி) ஐபி மாற்றியதும் திறக்கவில்லை, விஎம்கள் விழுந்துவிடுமோ என்று கேட்டு நீங்கள் போட்ட செட்டிங்ஸ் படத்தைப் பார்த்தேன். பெட்டியில் உள்ள இரண்டு கன்ட்ரோலர்களில் ஏ-வுக்கு 10.20.5.11 கொடுத்துவிட்டு, கேட்வேயை (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வழி) மட்டும் பழைய 192.168.1.1 என்றே விட்டிருக்கிறீர்கள். வேறு விலேனில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில்) இருக்கும் உங்கள் லேப்டாப்புக்குப் பதில் எப்படித் திரும்பி வரும்? கன்ட்ரோலர் பி இன்னும் பழைய ஐபியில்தானே இருக்கிறது, அதில் லாகின் செய்து ஏ-வின் கேட்வேயையும் அங்கிருந்தே திருத்திவிடலாம். அதுவும் முடியாவிட்டால் கன்ட்ரோலரின் சிஎல்ஐ (கட்டளை வரி) போர்ட்டில் மினி யூஎஸ்பி கேபிள், வேகம் 115200.

விஎம்கள் விழுந்துவிடுமோ என்ற பயம் இப்போதைக்கு வேண்டாம். மேனேஜ்மென்ட் போர்ட் வழியாக டேட்டா போவதில்லை.

கவனம் தேவைப்படுவது அடுத்து நீங்கள் மாற்றப்போகும் ஐஸ்கஸி போர்ட்டுகளில் (டேட்டா போகும் போர்ட்டுகள்). முதலில் இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்கள் ஓடும் ஹோஸ்ட்) பக்கம் புதிய ரேஞ்சில் விஎம்கெர்னல் போர்ட் (ஹோஸ்ட்டின் சொந்த நெட்வொர்க் போர்ட்) போடுங்கள். பிறகு ஏ-வை மட்டும் மாற்றுங்கள். புதிய பாத்கள் (ஸ்டோரேஜுக்கான வழிகள்) உயிரோடு தெரிந்த பிறகே பி-யைத் தொடுங்கள். ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) வைத்திருந்தால் இஎஸ்எக்ஸ்ஐயின் விஎம்கேபிங் கட்டளையில் பெரிய பாக்கெட்டைத் துண்டாக்காமல் அனுப்பிச் சோதியுங்கள். சாதாரண பிங் சிறிய பாக்கெட், அது ஓடுவதை நம்பாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் இஎஸ்எக்ஸ்ஐயின் ஸ்டாட்டிக் டிஸ்கவரியில் (டார்கெட், அதாவது ஸ்டோரேஜ் போர்ட்டுகளின் பட்டியல்) பழைய முகவரிகளை ஒவ்வொன்றாக நீக்கி ரீஸ்கேன் கொடுங்கள். டைனமிக் டிஸ்கவரியில் மட்டும் நீக்கினால் ஸ்டாட்டிக்கில் இருப்பவை தானாகப் போகாது. விட்டுவைத்தால் அடுத்த ரீபூட்டில் ஹோஸ்ட் இல்லாத டார்கெட்டைத் தேடிக்கொண்டு நெடுநேரம் நிற்கும்.