ஸ்பிளிட் வந்தால் நம் பங்குக்கு என்ன ஆகும்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: முகமதிப்பை 10 ரூபாயிலிருந்து 2 ஆக்குகிறார்களாம். விற்கும் எண்ணம் இல்லை. எனக்கு லாபமா, நஷ்டமா?

இரண்டும் இல்லை சார். ஸ்பிளிட் என்றால் ஒரு பங்கைப் பல பங்குகளாகப் பிரிப்பது. முகமதிப்பு என்பது கம்பெனி பங்குக்குக் குறித்திருக்கும் மதிப்பு, சந்தை விலை அல்ல. இங்கே 1 பங்கு 5 ஆகும், விலை ஐந்தில் ஒன்றாகும். கம்பெனியின் லாபமோ கடனோ ஒரு ரூபாய்கூட மாறாது. அறிவிப்பு வந்ததும் விலை கொஞ்சம் துள்ளலாம். பத்து வருடம் வைத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசியின் பங்கு, ஸ்பிளிட் ஆன மறுநாளே சரிந்ததே?

ஸ்பிளிட் நடந்தது 2021 அக்டோபர் 28. அன்று மாலை, டிக்கெட் முன்பதிவுக்கான வசதிக் கட்டணத்தில் பாதியை ரயில்வே கேட்கும் செய்தி வந்தது. மறுநாள் காலை பங்கு 25 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அன்றே ரயில்வே அந்த முடிவைக் கைவிட்டதும் பெரும்பகுதி மீண்டது. வருமானத்தில் கை வைத்ததால் வந்த சரிவு அது. பழி மட்டும் ஸ்பிளிட் மேல்!

கேள்வி: காலையில் ஆப்பைத் திறந்தால் 80 சதவீதம் நஷ்டம் காட்டுகிறது. கை நடுங்குகிறது.

பதறாதீர்கள் அம்மா. விலை மாறிவிட்டது, புதுப் பங்குகள் இன்னும் டீமேட்டில் (பங்குகளை வைத்திருக்கும் மின்னணுக் கணக்கில்) ஏறவில்லை, அவ்வளவுதான். முகமதிப்பு மாறினால் பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்னும் மாறும், அதனால் ஓரிரு நாள் ஆகும். அதுவரை விற்க முடியாது. கல்லூரி ஃபீஸ் கட்ட அந்தப் பணம்தான் வேண்டுமென்றால் எக்ஸ் டேட்டுக்கு, அதாவது பங்கு புது விலைக்கு மாறும் நாளுக்கு, முன்பே விற்றுவிடுங்கள்.

கேள்வி: போனஸும் ஸ்பிளிட்டும் ஒன்றுதானே?

போனஸ் என்பது கம்பெனி இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு. எண்ணிக்கை கூடுவதில் ஒன்று, வரியில் வேறு. ஸ்பிளிட்டில் வாங்கிய விலை பிரியும், வாங்கிய தேதி பழையதே. போனஸ் பங்கின் அடக்கவிலை (வாங்கிய விலையாகக் கணக்கில் கொள்வது) பூஜ்யம், தேதியும் புதிது.

2025 ஜூனில் பஜாஜ் ஃபைனான்ஸ் இரண்டையும் சேர்த்தே கொடுத்தது. 1 பங்கு ஸ்பிளிட்டில் 2 ஆகி, ஒவ்வொன்றுக்கும் 4 போனஸ் வர, மொத்தம் 10. 2024இல் 7,000 ரூபாய்க்கு 1 பங்கு வாங்கியவர், 2025 டிசம்பரில் பத்தையும் 1,000 வீதம் விற்றதாக வையுங்கள். நிஜ லாபம் 3,000. ஆனால் வரிக்கணக்கில் பழைய இரண்டும் தலா 3,500 அடக்கம், ஆக 5,000 நீண்டகால (ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின்) நஷ்டம். போனஸ் எட்டிலும் 8,000 குறுகியகால லாபம், 20 சதவீத வரி 1,600. நீண்டகால நஷ்டத்தைக் குறுகியகால லாபத்தில் கழிக்க விடமாட்டார்கள். போனஸ் வந்து ஓராண்டு தாண்டியிருந்தால் கழித்திருக்கலாம். ஆப் காட்டும் சராசரி விலையை நம்பி விற்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கேள்வி: டயர் கம்பெனி எம்ஆர்எஃப் தன் பங்கை ஏன் பிரிப்பதே இல்லை?

அது அவர்கள் இஷ்டம். மொத்தமே சுமார் 42.41 லட்சம் பங்குகள்தான். 2023 ஜூனில் ஒரு பங்கின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. பிரிக்காததால் பங்குதாரர் யாரும் ஏழையாகவில்லை. மாதம் 5,000 ரூபாய் போடுபவருக்குத்தான் கை எட்டாது.

கேள்வி: 2011 தொடக்கத்தில் அப்பா ஹெச்டிஎஃப்சி பேங்க் பங்கை 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார். 2025 கடைசியில் விலை 1,000. பாதி போச்சா?

அப்பாவின் டீமேட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள் தம்பி. 2011 ஜூலையில் 1 பங்கு 5 ஆனது, 2019இல் 10, 2025 ஆகஸ்ட் போனஸில் 20. அந்த 2,000 சுமார் 20,000 ஆகியிருக்கிறது, டிவிடெண்ட் தனி.