கூட்டாளிக்குக் குடுத்த காடி

கேள்வி: வணக்கம் அண்ணே. 2023ல என் மைவி காடிய (கார்) கூட்டாளி ஒருத்தனுக்கு சம்போங் பாயார்ல, அதாவது லோன் என் பேர்லயே இருக்க மிச்சத் தவணைய அவன் கட்டற மாதிரி, குடுத்துட்டேன். சின்ன வயசுலேர்ந்து ஒரே தாமான், அதனால ஒரு தாள்ல எழுதி சைன் போட்டதோட சரி. கைக்கு 3,000 வெள்ளி, அப்புறம் மாசம் 560 வெள்ளி என் அக்கவுண்டுல போடணும், நான் பேங்க்ல கட்டிருவேன். ஒரு வருஷம் ஒழுங்கா போட்டான், அப்புறம் இழுத்தான், இப்ப மூணு மாசமா ஒண்ணும் இல்ல. பேங்க்லேர்ந்து கால் எனக்கு, சமானும் (அபராத நோட்டீஸ்) என் பேருக்கு. காடிய குடுடான்னா புது டயர் போட்டேன், அப்சோர்பர் மாத்துனேன், அந்தக் காச வைங்கறான். ஸ்பேர் சாவி என்கிட்ட இருக்கு, ராத்திரி போயி எடுத்துட்டு வந்துரலாமா?
(பேர் வேணாம், பிறை)

பதில்: தம்பி, நீங்க அனுப்புன தாள போட்டோவுல பாத்தேன், நோட்டுலேர்ந்து கிழிச்சது, ஓரத்துல தே தாரிக் கிளாஸ் வச்ச வட்டம் கூட இருக்கு. வாட்சாப்ல "மச்சான் வெள்ளிக்கெழம போட்டுர்றேன்"னு அஞ்சு தடவ எழுதியிருக்கான். வெள்ளிக்கெழம வந்துச்சு, வெள்ளிதான் வரல.

சாவி மேட்டர் அப்புறம். மொதல்ல, அது இன்னும் உங்க காடியே இல்ல. லோன் முடியற வரைக்கும் பேங்க் காடி, சேவா பெலின்னா (தவணைக் கொள்முதல்) அதான். பேங்க்குக்குத் தெரியாம கைமாத்துனது பெரிய சிக்கல், 1967 சேவா பெலி சட்டத்துல 38ஆவது பிரிவு பேங்க ஏமாத்தி காடிய வித்தாலோ மறைச்சாலோ 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூட போடலாம்னு சொல்லுது. பயமுறுத்த சொல்லல, அவன் மேல கேஸ் போடணும்னு லாயர்கிட்ட போனீங்கன்னா அவர் மொதல்ல கேக்கப்போறதே இதத்தான். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா அதே சட்டத்துல 12ஆவது பிரிவு, பேங்க் சம்மதத்தோட உங்க உரிமைய இன்னொருத்தருக்கு மாத்திவிட வழி வச்சிருக்கு. அன்னைக்கே ரெண்டு பேரும் பேங்க்குக்கு போயிருந்தா வேல முடிஞ்சிருக்கும்.

இப்ப செய்யவேண்டியது, கூட்டாளிய விட்டுட்டு பேங்க்குக்கு போங்க. தொடர்ந்து ரெண்டு மாசம் கட்டலன்னா பேங்க் நோட்டீஸ் அனுப்பி 21 நாள் கழிச்சு காடிய இழுக்கலாம் (முக்கால்வாசி கட்டியாச்சுன்னா கோர்ட் ஆர்டர் வேணும்). இழுத்து ஏலத்துல போட்டு, கடனுக்கு காணாத பாக்கிய உங்ககிட்டதான் கேப்பாங்க, அவன்கிட்ட இல்ல. சிசிரிஸ்ல (கடன் பதிவேடு) கெட்டுப்போறதும் உங்க பேர்தான், நாளைக்கு வீட்டு லோன் கேக்கறப்ப அது முன்னாடி வந்து நிக்கும். அதனால நிலுவைய எப்படியாவது கட்டுங்க, முடியலன்னா ஏகேபிகேங்கற கடன் ஆலோசனை மையத்துக்கு போங்க, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்சது, ஆலோசனைக்கு காசு கெடையாது. இன்னைக்கு முழுசா முடிச்சா எவ்ளோன்னும் பேங்க்ல கேட்டுக்குங்க, முன்கூட்டியே முடிச்சா வட்டியில கொஞ்சம் கழிப்பாங்க.

அவனுக்கு வாட்சாப்லயே தேதி போட்டு எழுதுங்க, இந்த நாளுக்குள்ள நிலுவ, இல்லன்னா காடின்னு. வாய்ச்சண்ட வேணாம், போன்ல திட்டுனதெல்லாம் கோர்ட்ல நிக்காது. டயர் காசப் பத்தி ஒரு வார்த்த, ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டுனவன் டயர் தேயத்தான் செய்யும், அதுக்கு நீங்க காசு குடுக்கணும்னா அவன் ஓட்டுன ஓட்டத்துக்கு நீங்களும் பில் போடலாம்.

ராத்திரி சாவி வேல மட்டும் வேணாம்யா. காடி காணோம்னு அவன் பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷன்) போவான், நீங்களும் போவீங்க, ரெண்டு பேரும் அங்க உக்காந்து சம்போங் பாயார் கதைய நீங்களே சொல்லவேண்டி வரும். லாயர பாத்துட்டு ரிப்போர்ட் குடுங்க. லாயர் காசுக்கு கஷ்டம்னா இலவச சட்ட உதவி மையம் பினாங்குலயும் இருக்கு.

கேள்வி: கூட வேல செய்யறவர்கிட்ட கடன் இல்லாத பழைய வீரா காடி 6,000 வெள்ளிக்கு வாங்குனேன், மாசம் 500. பத்து மாசம் கட்டிட்டேன், ஏழு மாசம் கையில காசா. இப்ப வெல ஏறிடுச்சு, இன்னும் 2,000 குடுத்தாதான் பேர் மாத்துவேன்னு சொல்றாரு.
(ஒரு வாசகி, செந்தூல்)

பதில்: வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்மா, வெல பேசி முடிச்சப்புறம் ஏறாது. நிரூபிக்கறதுதான் கஷ்டம், அந்த ஏழு மாசக் காசுக்கு ரசீது இல்லல்ல. இன்னைக்கே மரியாதையா ஒரு மெசேஜ் போடுங்க, எந்த மாசம் எவ்ளோ குடுத்தீங்கன்னு வரிசையா எழுதி "சரிதானே அண்ணே?"ன்னு கேளுங்க. அவரு "ஆமாமா, ஆனா வெல ஏறிடுச்சு"ன்னு கோவத்துல பதில் போட்டாலே உங்களுக்கு போதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க. மஜிஸ்ட்ரேட் கோர்ட்ல சின்ன வழக்கு 5,000 வெள்ளி வரைக்கும் லாயர் இல்லாமலே போடலாம், உங்க கணக்கு சரியா அந்த 5,000லதான் நிக்குது, ஆறு வருஷம் வரைக்கும் டைமும் இருக்கு. மிச்சம் 1,000 வெள்ளிய மட்டும் முன்கூட்டி குடுத்துராதீங்க. புஸ்பாகோம்ல (வாகனப் பரிசோதனை மையம்) காடிய செக் பண்ணி, அவரு ஜேபிஜேயில (சாலைப் போக்குவரத்து இலாகா) பேர் மாத்திக் குடுக்கற அன்னைக்கு, அங்கயே வச்சு குடுங்க.