அண்ணனுக்கும் எனக்கும் ஒரே நோய்தானே?

கேள்வி: அக்கா, எனக்கும் அண்ணனுக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வருகிற நோய். ஒரே மருத்துவர், ஒரே சல்ஃபாசலசின் மாத்திரை. அவன் பாட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறான். எனக்கு மாதவிலக்கு நெருங்கினாலே வலியும் பேதியும் கூடிவிடுகின்றன. "அவன் தாங்கவில்லையா, நீ ஏன் அலட்டிக்கொள்கிறாய்?" என்கிறார் அம்மா. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: அலட்டல் இல்லை. விலக்கு சமயத்தில் கருப்பையைச் சுருங்க வைக்கிற புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற ரசாயனங்கள் பக்கத்திலிருக்கும் குடலையும் சும்மா விடுவதில்லை. நோயில்லாத பெண்களுக்கே அந்த நாட்களில் வயிறு இளகும். ஏற்கெனவே புண்ணான குடல் என்றால் கேட்க வேண்டுமா? ஆனால் அந்த வலிக்கு இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிலருக்கு அது நோயைக் கிளறிவிடும்.

இந்த நோயோடு காலம் தள்ளுகிறவள் நானும். எனக்கு ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியபோது, "விலக்கில் அதிகம் போகிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி. கையில் இரும்புச்சத்து மாத்திரை. அவ்வளவுதான். மலத்தில் ரத்தம் வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. வெட்கத்தில் நானும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. அதே 7 ஓர் ஆணுக்கு இருந்திருந்தால் முதலில் குடலைத்தான் சந்தேகித்திருப்பார்கள்.

அதனால் ஒரு நாட்காட்டி போதும், மூன்று மாதத்துக்கு. விலக்கு நாளை வட்டமிட்டு, அந்தந்தக் கட்டத்திலேயே எத்தனை தடவை போனீர்கள், ரத்தம் இருந்ததா என்று குறித்து வையுங்கள். விலக்கு முடிந்ததும் அடங்கினால் சரி. அடங்காமல் ரத்தமும் வந்தால் நோயே கிளம்பியிருக்கலாம். மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் அழற்சி இருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அப்புறம், அண்ணன். அவர் தாங்குகிறாரா, வாயைத் திறக்காமல் இருக்கிறாரா? ஆண்கள் இதில் கெட்டிக்காரர்கள். வெளியே கிளம்புமுன் பட்டினி கிடப்பார்கள், கேட்டால் பசியில்லை என்பார்கள். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. சல்ஃபாசலசின் ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று மாதங்களில் பழையபடி ஆகிவிடும். மெசலமின் போன்ற மாற்று மருந்தும் இருக்கிறது. இது தெரியாமல் குழந்தை தங்கவில்லை என்று மனைவியை மட்டும் பரிசோதனைக்கு அலைய விடுகிற வீடுகள் எத்தனையோ! அவராக மாத்திரையை நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.