சக மாணவர் துணையோடு ஆங்கிலம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் தடுமாறும் பையனுக்குத் துணையாக என் மகளை உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் படிப்பு கெடாதா, ஐயா?

பதில்: கெடாது அம்மா. 'ஹி கம்' என்றால் என்ன தவறு என்று ஒரு பையன் தன் துணைச் சிறுமியிடம் கேட்டான். அவளுக்கு இலக்கண விதி சொல்லத் தெரியவில்லை. யோசித்துவிட்டு, "'அவன் வருகிறேன்' என்று சொல்வாயா? அதுபோலத்தான்" என்றாள். அவன் 'ஹி கம்ஸ்' என்று திருத்திக்கொண்டான். அந்த விதி அவளுக்கும் அன்றுதான் தெளிவாகப் பிடிபட்டது. ஆண்டு முழுவதும் அவளையே துணையாக வைத்தால் மட்டும் ஆசிரியரிடம் பேசுங்கள்.

கேள்வி: ஜோடியாக வாசிக்கச் சொன்னால், நன்றாகப் படிக்கும் பிள்ளையே முழுவதையும் வாசித்துவிடுகிறது. நான் ஆசிரியர். என்ன செய்யலாம்?

பதில்: துணைப் பிள்ளைக்கு முதலில் பொறுமையைப் பழக்குங்கள். எனக்கு இதைவிட முக்கியமாக எதுவும் படவில்லை. முதலில் இருவரும் சேர்ந்து உரக்க வாசிக்கட்டும். தனியாக வாசிக்கத் துணிவு வந்ததும் கற்கும் பிள்ளை மேசையைத் தட்ட, துணை நிறுத்திவிட வேண்டும். தடுக்கினால், மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை வாய் திறக்கக் கூடாது. பல நேரங்களில் அதற்குள் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். இல்லையென்றால் சொல்லைச் சொல்லிக்கொடுத்து, திரும்பச் சொல்ல வைத்து, மீண்டும் சேர்ந்து வாசிக்கலாம். 'நைஃப்' என்பதை 'க்னைஃப்' என்று வாசித்த ஒருவனுக்கு, துணைச் சிறுமி எதுவும் சொல்லாமல் முதல் எழுத்தான 'கே'யை விரலால் மறைத்தாள். அவன் சரியாக வாசித்துவிட்டான். எத்தனை பாராட்டினாலும் தகும்!

கேள்வி: குழுவில் ஒருவர் மட்டுமே பேசுகிறாரே?

பதில்: பாடத்தை நான்காகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதி கொடுங்கள். மற்றவர் பகுதி அவர் வாயால் கேட்டால்தான் தெரியும் என்றால், எல்லோரும் பேசியே ஆக வேண்டும். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் உருவாக்கிய 'ஜிக்சா' முறை இது.

கேள்வி: தமிழில் பேசி விளக்கினால் தடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். புரியவைக்கத் தமிழ், பழக ஆங்கிலம்.

கேள்வி: மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது வெளிநாட்டிலிருந்து வந்த புது உத்திதானே?

பதில்: இல்லை. நம் திண்ணைப் பள்ளிகளில், ஆசிரியருக்கு உதவியாக மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கும் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இருந்தார். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, மூத்த மாணவரைக் கொண்டே இளையவருக்குக் கற்பித்தார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. என் துணை, தவறு செய்தால் சிரிக்கிறான்.

பதில்: இன்றே ஆசிரியரிடம் சொல், தம்பி. துணையை மாற்றித் தருவார். பொறுத்துக்கொண்டு வாயை மூடிவிடாதே.