பதில்: மதகு வேலை பாதியில் நிற்கிறது, கடிதத்துக்குப் பதில் இல்லை

வணக்கம் தங்கச்சி. வெல்லாவெளிப் பக்கம் மதகு வேலை பாதியில் நிற்கிறது, உங்கள் மாதர் சங்கம் மூன்று கடிதம் கொடுத்தும் பதில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாலாவது கடிதம் வேண்டாம். பணம் பிரதேச சபையுடையதா, பிரதேச செயலகத்துடையதா என்று முதலில் விசாரியுங்கள். பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அங்குள்ள தகவல் அலுவலரிடம் கேளுங்கள். உறுப்பினரில் முக்கால்வாசிப் பேராவது இலங்கைப் பிரஜைகள் என்றால் சங்கத்தின் பெயரிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

“ஏன் நிற்கிறது?” என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் பக்கத்து வேலைக்கு நாங்கள் அப்படித்தான் கேட்டோம். “நடவடிக்கை எடுக்கப்படுகிறது” என்று ஒரு வரி வந்தது. மதிப்பீடு, ஒப்பந்தம், இதுவரை கொடுத்த பணம், முடிக்க வேண்டிய திகதி என்று ஆவணமாகக் கேட்டபோதுதான் தாள் கைக்கு வந்தது. கொங்கிறீட் தடிப்பு 6 அங்குலம் என்று அதில் இருந்தது. அளவுநாடா பிடித்துப் பார்த்தால் 4. அதற்குப் பிறகு கூட்டத்தில் யாரும் சத்தம் போடத் தேவைப்படவில்லை.

14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அப்புறம் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வெளியே வராதீர்கள். சரி, மழைக்கு முன் கொடுத்துவிடுங்கள். மார்கழி வந்தால் எல்லாப் பழியும் வெள்ளத்தின் தலையில்தான்.