வயல் வரம்பில் நடக்கத் தெரிந்தால் போதுமா?

போன இதழில் என்னுடைய சுவிஸ் குசினி வேலைக் காலத்தைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில் எழுதும்போது, ஒருமுறை மலை ஏறினேன், ஒருமுறை பாதியில் இறங்கினேன் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அந்த ஒற்றை வரிக்குத்தான் இவ்வளவு கடிதம். சரி, இந்த முறை முழுக்க மலைதான். கத்தரிச் செடிக்கு விழுந்த பூச்சி பற்றிக் கேட்ட இரண்டு பேரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜூலையில் பேர்ன் நகரத்தில் இருக்கிற மாமாவிடம் போகிறேன். 4,000 மீற்றருக்கு மேற்பட்ட மலை ஒன்றை, அதுவும் கூரான முகட்டு வழியாக, ஏற ஆசை. சின்ன வயதிலிருந்து வயல் வரம்பில் ஓடித் திரிந்தவன், பனையும் ஏறுவேன், தலைசுற்றல் கிடையாது. மத்தர்ஹோர்ன் சரிவருமா? (24 வயது வாசகர், கைதடி)

தம்பி, முதல் மலையாக அது சரிவராது. ஆனால் வரம்பு என்று எழுதினீர் பாரும், அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இன்னும் கேள்விப்படவில்லை. மலையின் இரண்டு சரிவும் வந்து முட்டுகிற கோடு அது, சில இடத்தில் ஒன்றரை அடி அகலம் இருக்கும், சில இடத்தில் சப்பாத்தின் அகலம்தான். வயல் வரம்பில் கால் தவறினால் முழங்கால் வரை சேறு, வீட்டில் ஏச்சு. அங்கே தவறினால் சில நூறு மீற்றர். கால் செய்யவேண்டிய வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை என்று கண் கண்டுவிட்டால் கால் தன் வேலையை மறந்துபோகும். எனக்குத் தலை சுற்றவில்லை, பயமும் பெரிதாக இல்லை, ஆனால் வலது முழங்கால் மட்டும் மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கிக்கொண்டே இருந்தது, எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

நான் ஏறி முடித்தது மோன்ஹ் என்கிற மலை. ஜெர்மன் மொழியில் துறவி என்று அர்த்தம். 4,100 மீற்றருக்குச் சற்று மேலே. உமக்கும் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் 3,454 மீற்றர் வரை ரயிலே கொண்டுபோய் விடும். யுங்ஃபிறவ்யோஹ் என்று அந்த ஸ்டேசனுக்குப் பெயர், மலையைக் குடைந்து 1912இல் திறந்த பாதை. அங்கிருந்து பனியில் ஒரு மணித்தியாலம் நடந்தால் ஏறுகிறவர்கள் தங்கும் குடில். இரவு அங்கே தங்கி விடியற்காலையில் தென்கிழக்கு முகட்டில் ஏறலாம். முதலில் பாறைப் படிகள், நடுவில் நடுவில் பனி, கையும் காலும் போட்டு ஏறவேண்டிய இடங்கள். கடைசியில்தான் உம்முடைய வரம்பு: வெறும் பனி, தெற்கே அலெட்ச் பனியாற்றின் தலைப்பகுதி, வடக்கே எங்கோ கீழே பச்சையாகப் புல்வெளி. மூன்று மணித்தியாலத்தில் ஏறிவிடுகிறார்கள். தூரத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்ச் சந்திக்குப் போய் வருகிற தூரம்தான்.

அந்தக் கடைசிப் பனி வரம்பில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. காற்று ஒரே பக்கமாக அடித்து அடித்து, முகட்டுப் பனி மறுபக்கம் வீட்டு இறவாரம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே நிற்கிறவனுக்கு அது தெரியாது, வெள்ளையாக, மட்டமாக, நடப்பதற்கு மிக வசதியாகத்தான் தெரியும். கீழே பிடிமானமே கிடையாது. உடைந்தால் விளிம்பில் மட்டும் உடையாது, நாம் நினைப்பதைவிட உள்ளே தள்ளி உடையும். அதனால் முகட்டின் உச்சியில் நடப்பதே இல்லை, காற்று வருகிற பக்கச் சரிவில் கொஞ்சம் இறங்கி, சரிவில் கால் பதித்துப் போவது. வயல் வரம்புப் பழக்கம் இங்கே ஆபத்தாவதற்கு இதுதான் காரணம், நடு உச்சியில் நடக்கத்தானே நாம் பழகினோம்.

பனை ஏறும் பழக்கம் உதவும். சீவல் தொழில் செய்கிறவர்களைக் கவனித்துப் பார்த்திருப்பீர், தளைநாரில் காலை ஊன்றி, காலால்தான் எழும்புவார்கள், கை அணைத்துப் பிடிக்க மட்டும். பாறையிலும் அதுதான். புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் கையால் இழுத்து இழுத்து ஏறப் பார்ப்பார்கள், அரை மணித்தியாலத்தில் முழங்கை மரத்துப்போகும். அப்புறம் பயத்தில் பாறையைக் கட்டிப்பிடிப்பார்கள், அப்படிக் கட்டிப்பிடித்தால் பாரம் சப்பாத்தில் இருந்து விலகிக் கால் வழுக்கும். நிமிர்ந்து நில்லும். சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பல்லோடு நடக்க, குடிலுக்குப் போகிற வழியிலேயே ஒரு மணித்தியாலம் பழகிவிடும், காலைக் கொஞ்சம் அகட்டி வைக்காவிட்டால் ஒரு காலின் பல் மற்றக் காலின் காற்சட்டையில் மாட்டும். என்னுடைய காற்சட்டை கிழிந்த இடத்தை இப்போதும் காட்டலாம்.

கட்டாயம் வழிகாட்டியோடு போம். மாமாவின் சிநேகிதர் ஒருவர் இரண்டு முறை போனவராம் என்பதெல்லாம் கணக்கில் இல்லை.

கேள்வி: அந்தப் பாதியில் இறங்கிய கதை என்ன? (பருத்தித்துறை வாசகி)

அதுதான் மத்தர்ஹோர்ன். 4,478 மீற்றர். ஹ்யோர்ன்லி முகடு என்கிற வழி. அடியில் 3,260 மீற்றரில் குடில், அங்கிருந்து உச்சி 1,200 மீற்றர் உயரம், ஒரு வழிகாட்டிக்கு ஒரே ஓர் ஆள். வழிகாட்டிக்கான காசு ஆயிரம் பிராங்கைத் தாண்டும், நான் இரண்டு கோடை காலம் மேலதிக வேலை செய்து சேர்த்தது. இருட்டோடு எழும்பி, தலையில் லைற்றைக் கட்டிக்கொண்டு, குடிலின் பின்னால் உடனேயே வருகிற செங்குத்துப் பாறையில் தொங்கும் தடித்த கயிற்றுக்கு வரிசையில் நின்றோம். நல்லூர்த் தேர் அன்று செருப்பு வைக்கிற இடத்தில் நிற்கிற மாதிரி ஒரு நெருக்கம்.

4,003 மீற்றரில் சொல்வே என்றொரு சின்ன மரக்கூடு இருக்கிறது, அவசரத்துக்கு ஒதுங்க. இன்ன நேரத்துக்குள் அங்கே வராவிட்டால் திரும்புவது என்று வழிகாட்டி முன்னமே சொல்லியிருந்தார். நான் ஒரு மணித்தியாலம் பிந்தினேன். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது, எனக்குக் களைப்பும் இல்லை, உச்சி தலைக்கு மேலே தெரிகிறது. மனிதர் மணிக்கூட்டைப் பார்த்தார், கயிற்றைச் சுருட்டினார், கீழே கையைக் காட்டினார். இரண்டு நாள் அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். ஏறுகிற அளவு நேரம் இறங்கவும் வேண்டும், இறங்கும்போது முகம் வெளிப்பக்கம், ஆழம் முழுவதும் கண்முன்னே, கால் களைத்திருக்கும், பின்னேரம் இடி முழக்கம் வரும். இது எல்லாம் எனக்குப் புரிந்தது இறங்க ஆறு மணித்தியாலம் எடுத்த பிறகுதான். உச்சி வரை போயிருந்தால் அந்தக் கூட்டுக்குள்தான் இரவு.

கேள்வி: என் மகன் சூரிச்சில் இருக்கிறான். “அம்மா பயப்படாதீங்கோ, கயிறு கட்டித்தான் போறனாங்கள்” என்கிறான். கயிறு இருந்தால் பயமில்லைத்தானே? (சுன்னாகம் வாசகி)

அக்கா, உண்மையைச் சொன்னால் நித்திரை கொள்ள மாட்டீர்கள், ஆனால் கேட்டுவிட்டீர்கள். கயிறு பாறையில் எங்காவது மாட்டியிருந்தால்தான் கயிறு. பாறைக் கொம்பு ஒன்றில் சுற்றிக்கொண்டு போனால், ஒருவர் வழுக்கினாலும் கொம்பு பிடிக்கும். மாட்ட ஒன்றுமே இல்லாத பனி வரம்பில் இரண்டு பேரைக் கட்டியிருக்கிற கயிற்றுக்கு ஒரே ஒரு வழிதான்: ஒருவர் இடப்பக்கம் விழுந்தால் மற்றவர் யோசிக்காமல் வலப்பக்கம் குதிக்க வேண்டும். தராசு மாதிரி இருவரும் இரண்டு பக்கமும் தொங்குவார்கள், அப்புறம் ஏறி வரலாம். எனக்கு இதை முதலில் சொன்னபோது பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தேன். பகிடி இல்லை, உண்மையாகவே கற்றுக்கொடுக்கிற முறை.

மத்தர்ஹோர்னில் முதன்முதலில் 1865 ஜூலை 14ஆம் திகதி ஏழு பேர் ஏறினார்கள், எட்வேர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயரின் கூட்டம். ஏறும்போது ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இறங்கும்போது ஹடோ என்கிற பத்தொன்பது வயதுப் பெடியன் வழுக்கி, முன்னால் நின்ற வழிகாட்டி குரோஸ் மேல் விழ, ஒரே கயிற்றில் இருந்த மற்ற இரண்டு பேரையும் அது இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் இடையில் கயிறு அறுந்தது, அதனால்தான் மூன்று பேராவது மிஞ்சினார்கள். அறுந்த கயிற்றுத் துண்டை செர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், நான் பார்த்தேன், எங்கள் கிணற்றுக் கயிற்றைவிட மெல்லியது. இப்போதைய கயிறு அப்படி அறுவதில்லை, அது ஆறுதல்.

மகனிடம் கயிற்றைக் கேட்காதீர்கள். யாரோடு போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவதாக முடிவு, 1414 என்ற மீட்பு இலக்கம் போனில் இருக்கிறதா, இதைக் கேளுங்கள். கிழமைக்கு ஒருக்கால் கேட்டால் போதும், தினமும் கேட்டால் பொய் சொல்லப் பழகிவிடுவான்.

கேள்வி: உயரத்தில் ஒட்சிசன் வீதம் எத்தனையாகக் குறைகிறது? (ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், கொக்குவில்)

சேர், பிடித்துவிடலாம் என்று கேட்கிறீர்கள். வீதம் குறைவதில்லை, மேலேயும் 21தான். குறைவது வளியமுக்கம், மத்தர்ஹோர்ன் உச்சியில் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 57 வீதம், அதனால் ஒரு மூச்சில் கிடைக்கிற ஒட்சிசனும் அந்த அளவுதான். நான் தங்கிய குடிலில் தண்ணீர் 88 பாகை செல்சியஸ் அளவில் கொதித்துவிடும், பிளேன்ரீ சாயம் இறங்காது, சீனி போட்ட வெந்நீர்தான். தலையிடி, வாந்தி வந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது, குறையாவிட்டால் இறங்கவேண்டும், தடுமாற்றமோ இருந்த இடத்திலேயே மூச்சு வாங்குவதோ வந்தால் ஒரு நிமிடமும் பொறுக்காமல் இறங்கவேண்டும், குளிசை போட்டுச் சமாளிக்கிற விடயம் இல்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பயிற்சி எடுக்க மலைக்கு எங்கே போவது? (காரைநகர்)

கீரிமலைக்குப் போய்க் கேணியில் குளித்துவிட்டு வாருங்கள், பெயரிலாவது மலை இருக்கிறது. மெய்யாகக் கேட்டால் சிவனொளிபாதமலை, 2,243 மீற்றர், ஐயாயிரத்துக்கு மேல் படி. முதுகில் பத்துக் கிலோ அரிசியோடு ஏறி இறங்கிப் பாருங்கள், முக்கியமாக இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் நாட்டுப் பெண்கள் யாராவது இப்படிப் பெரிய மலை ஏறியிருக்கிறார்களா? (மாணவி, சாவகச்சேரி)

எவரெஸ்டில் ஏறிய முதல் இலங்கையர் ஒரு பெண்தான், ஜயந்தி குரு உதும்பால, 2016 மே மாதம். ஆண் ஒருவர் ஏற இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. மத்தர்ஹோர்னில் லூசி வோக்கர் என்ற ஆங்கிலேயப் பெண் 1871இலேயே ஏறிவிட்டார். வகுப்பில் யாராவது பகிடி பண்ணினால் இந்த ஆண்டுக் கணக்குகளைச் சொல்லும், தங்கச்சி.

கேள்வி: உச்சியில் நின்றபோது என்ன நினைத்தீர்கள்? (பெயர் எழுதவில்லை)

பசி. அம்மா அனுப்பிய பனங்கட்டிக் குட்டான் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், மோன்ஹ் உச்சியில் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி சாப்பிட்டவன் என்று குசினியில் சொல்லலாமே என்று. எடுத்துக் கடித்தால் குளிரில் கருங்கல். பல் இறங்கவில்லை. வழிகாட்டிக்கும் ஒரு துண்டு கொடுத்தேன், அவர் பனிக்கோடரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் கூட நிற்கவில்லை, காற்று எழும்புகிறது, இறங்கு என்றார். இறங்கிக் குடிலுக்கு வந்து அந்தச் சாயமில்லாத பிளேன்ரீயோடுதான் இரண்டு பேரும் கடித்தோம்.