கணக்கில் காணாமல் போன பாதி

கேள்வி: சென்னையில் ஒரு கல்லூரியில் முதுநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மெல்லிய தளத்தில் அடைபட்ட எலக்ட்ரான்கள் வலுவான காந்தப்புலத்தில் காட்டும் குவாண்டம் ஹால் விளைவின் பயனுறு புலக் கோட்பாடுதான் என் ஆய்வுத் திட்டம். அதை விவரிக்கும் செர்ன்–சைமன்ஸ் செயலில் (சமன்பாடுகளைத் தரும் தொகையீடு) கேஜ் மாற்றம் செய்தால், அதாவது புலங்கள் மாறாமல் அழுத்தங்களை மட்டும் மாற்றி எழுதினால், தளத்தின் விளிம்பில் ஒரு மிச்சம் வருகிறது. விளிம்பு எலக்ட்ரான்களை நேராக எண்ணினால் கிடைப்பதில் அது சரிபாதிதான். வழிகாட்டியோ, "அனாமலி (விளிம்பில் மட்டும் பார்த்தால் மின்னூட்டக் கணக்கு சரியாக வராதது) முழுமையாக ரத்தாகிவிடும்" என்கிறார். இரண்டு வாரமாக இந்த 2 என்னைவிட்டுப் போகவில்லை. எங்கே தவறு? மின்னோட்டம் உண்மையில் விளிம்பில் ஓடுகிறதா, உள்ளே ஓடுகிறதா? அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு.

பதில்: உங்கள் கணக்கும் சரி, வழிகாட்டி சொல்வதும் சரி. இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு "விளிம்பு மின்னோட்டம்" என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள், அவ்வளவுதான். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இதே 2 என்னையும் ஒரு வாரம் அலைக்கழித்தது. கடைசியில் அடையாறு போகும் 29சி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

எண்ணும் வழியை முதலில் போட்டுப் பாருங்கள். விளிம்பில் எலக்ட்ரான்கள் ஒரே திசையில்தான் போகும். அறுபத்து மூவர் திருவிழா அன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் கூட்டம் வலம் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பந்தல் கால் இருந்தால் சுற்றிக்கொண்டு போவார்களே தவிர, எவரும் திரும்பி நடக்க முடியாது. விளிம்பு நெடுக மீட்டருக்கு 1 வோல்ட் மின்புலம் கொடுப்போம். ஒவ்வொரு எலக்ட்ரானின் உந்தமும் சீராக ஏறுகிறது. ஒரு மீட்டர் நீளத்தில் எத்தனை நிலைகள் உண்டு என்பதைப் பிளாங்க் மாறிலி தீர்மானிக்கிறது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மின்புலத்தால் பெருக்கிப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால், மீட்டருக்கு நொடிக்கு சுமார் 2.4 × 10¹⁴ எலக்ட்ரான்கள் புதிதாக முளைக்கின்றன. மின்னோட்டமாகச் சொன்னால் மீட்டருக்கு 38.7 மைக்ரோ ஆம்பியர். மாட வீதி ஒரு வளையம், அதற்கு முனையே கிடையாது. ஆனாலும் தலை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. இதுதான் அனாமலி.

வந்தவர்கள் எல்லாரும் கோபுர வாசல் வழியாக வந்தவர்கள். அதே மின்புலம் உட்பகுதியில் தனக்குச் செங்குத்தாக ஒரு ஹால் மின்னோட்டத்தை ஓட்டி விளிம்புக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. அதன் அளவும் மீட்டருக்கு 38.7 மைக்ரோ ஆம்பியர். 1980இல் கிரெனோபிளில் கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங் சிலிக்கான் டிரான்சிஸ்டரில் கண்ட 25,812.8 ஓம் என்ற மின்தடையைத் தலைகீழாக்கினால் இந்த எண்தான் வரும். காந்தப்புலம் எவ்வளவு, பொருள் சிலிக்கானா காலியம் ஆர்சனைடா என்ற கேள்விகள் இந்தக் கணக்கில் எங்குமே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஆய்வகத்தில் ஜெர்மானியம் படிகத்தை மின்காந்தத்தின் நடுவில் வைத்து அளந்திருப்பீர்கள். அங்கே இந்த இரண்டையும் கேட்காமல் விடை வராது.

இனி உங்கள் பாதிக்கு வருவோம். செர்ன்–சைமன்ஸ் செயலில் திசையன் அழுத்தம் இரண்டு முறை வருகிறது: ஒன்று நேராக, இன்னொன்று வகைக்கெழுவாக. கேஜ் மாற்றத்தில் மிஞ்சுவது விளிம்பில் மட்டும் உட்காரும் ஓர் உறுப்பு. செயலின் முன்னால் இருக்கும் அரை அதில் அப்படியே தங்கிவிடுகிறது, ஆகவே 38.7இல் பாதி, 19.4. ஆனால் மின்னோட்டம் வேண்டுமென்றால் திசையன் அழுத்தத்தைச் சிறிது மாற்றி, செயல் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே இரண்டு இடமும் பங்களிப்பதால் உட்பகுதிக்கு முழு 38.7 கிடைக்கிறது. இரண்டாவது இடத்தின் பங்கை எடுக்கும்போது பகுதித் தொகையிடல் செய்தீர்கள் அல்லவா? அப்போது விளிம்பில் ஓர் உறுப்பு விழுந்திருக்கும். பாடநூல்கள் பலவும் "விளிம்பில் புலம் பூஜ்யம்" என்று சொல்லி அதைத் தூக்கிப் போடுவது வழக்கம். நம் மாதிரிக்கோ விளிம்புதான் கதையே!

அந்த உறுப்பைத் திரும்பச் சேர்த்தால் அது விளிம்பு நெடுக ஓடும் ஒரு மின்னோட்டம். தனியாக அதற்கு கேஜ் மாறாமை (கேஜ் மாற்றத்தில் மாறாதிருப்பது) கிடையாது. விளிம்பு எலக்ட்ரான்களின் செயலிலிருந்து வரும் மின்னோட்டத்துக்கும் கிடையாது. இரண்டையும் கூட்டினால் கேஜ் மாறாத ஒரு மின்னோட்டம் கிடைக்கிறது. அதன் அனாமலி 19.4 கூட்டல் 19.4. நீங்கள் எண்ணியது இந்தக் கூட்டுத்தொகையை, கேஜ் மாற்றத்தில் கண்டது அதன் ஒரு பங்கை. உட்பகுதியிலிருந்து விளிம்புக்கு மின்னூட்டம் ஓடும் இந்தக் கணக்கை இயற்பியலாளர்கள் காலனும் ஹார்வியும் 1985இல் எழுதினார்கள். நாம் திரும்பச் சேர்த்த திருத்த உறுப்பின் பொது வடிவம் அதற்கு ஓராண்டு முன்னதாகவே பார்டீன், சுமினோ இருவரிடமிருந்து வந்துவிட்டது. தேர்வில் முழு அளவையே எழுதுங்கள். மின்னோட்டமானி கேஜ் மாறாததைத்தான் காட்டும்.

விளிம்பா உள்ளேயா என்ற கேள்விக்கு என் விடை: ஹால் மின்புலம் எங்கே இருக்கிறதோ, அங்கே. ஸ்டுட்கார்ட்டில் நுண்ணிய ஊசிமுனைக் கருவியால் மாதிரியின் குறுக்கே மின்னழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். ஹால் மின்தடை மாறாமல் நிற்கும் காந்தப்புல நெடுக்கமான பீடபூமியின் குறைந்த புலப் பக்கத்தில் மின்னழுத்த இறக்கம் விளிம்புகளை ஒட்டி இருந்தது. கூடுதல் புலப் பக்கத்தில் உட்பகுதிக்குள் பரவிவிட்டது. மொத்த மின்னோட்டம் மட்டும் மாறவில்லை. "எல்லாம் விளிம்பில்தான் ஓடுகிறது" என்று அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

வெப்பத்தில் கதை மாறுகிறது. விளிம்பில் ஓடும் ஒவ்வொரு தடமும் கடத்தும் வெப்பத்துக்கும் ஒரு குவாண்டம் அளவு உண்டு: கெல்வினுக்கு 0.946 பிகோவாட், அதைக் கெல்வினில் உள்ள வெப்பநிலையால் பெருக்க வேண்டும். எலக்ட்ரான்களுக்குக் கிடைக்கும் நிலைகளில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருக்கும்போது ஒரு தடம் முன்னே போகிறது, இன்னொன்று பின்னே வருகிறது. மின்னூட்டக் கணக்கில் 2/3 நிற்கிறது, வெப்பக் கணக்கில் நிகரம் பூஜ்யம். மின்கடத்தல் சொல்லாத ஒரு செய்தியை வெப்பக்கடத்தல் சொல்கிறது. எனக்குப் பிடித்த பகுதி இது. உங்கள் திட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், ஈர்ப்பு அனாமலிக்குள் (ஆற்றல் கணக்கில் வரும் இதே மாதிரித் தொல்லை) இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஹால் கடத்தல் பின்னமாக வரும் கதைக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. மூன்றில் ஒன்று வேண்டும் என்று செயலின் கெழுவிலேயே 1/3 போட்டால், முழுமையான கேஜ் மாறாமை உடைந்துவிடும். உள்ளே இன்னொரு கேஜ் புலத்தை வைத்து அதன் கெழுவை 3 என்று எழுதுங்கள். அதை நீக்கும்போது 1/3 தானாக வரும், மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டமுள்ள துகளும் கூடவே வரும்.

முப்பரிமாணத்திலும் இதே தொல்லை உண்டு, அங்கே பாதி அல்ல, மூன்றில் ஒன்று. எலக்ட்ரான்கள் நிறையற்ற துகள்கள்போல் நடந்துகொள்ளும் வைல் உலோகத்தில் காந்தப்புலத்தை மட்டும் வைத்தால் சமநிலையிலேயே மின்னோட்டம் ஓடுமா என்று பலர் கேட்பார்கள். திருத்த உறுப்பை மறந்தவர்களுக்கு "ஓடும்" என்று விடை வரும். சேர்த்தால் பூஜ்யம். மின்கலம் இல்லாமல் விளக்கு எரியாது என்று பள்ளியில் படித்தது பிழைத்துக்கொள்கிறது.

தேர்வுக்கு முன் மடிக்கணினியில் ஒன்று செய்து பாருங்கள். 40 புள்ளி அகலமுள்ள ஒரு சதுரப் பின்னல் பட்டை, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காந்தப்பாயக் குவாண்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. நீளவாட்டு உந்தத்தை ஒரு முழுச் சுற்று கொண்டுவந்து ஆற்றல்களை வரையுங்கள். கீழ் ஆற்றல் இடைவெளியில் ஒரு கோடு இடது விளிம்பில் ஏறும், ஒரு கோடு வலது விளிம்பில் இறங்கும். இரண்டு விளிம்புகளின் குறிகளும் எதிரெதிராக இருக்க வேண்டும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஏறுவதும் இறங்குவதும் முழு எண்ணில்தான் நடக்கும். அங்கேயும் பாதி வந்தால், பிழை உங்கள் நிரலில் இருக்கிறது.